‘கேப்டன்’ என்ற பட்டத்தின் பின்னால்: காலனிக்கால அமெரிக்கக் குடிப்படை அதிகாரி ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் தேடும் முறை

பழைய கல்லறைக் கல்லிலோ உயிலிலோ முன்னோர் ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று இருப்பதைக் கண்டவர்கள், அவர் எந்தப் போரில் சண்டையிட்டார் என்று தேடுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் காலனிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வீண் அலைச்சலில் முடியும். மிலிஷியா என்னும் குடிப்படை நிரந்தர ராணுவம் அன்று. பெரும்பாலான காலனிகளில் ஏறத்தாழ 16 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் சேர்ந்தாக வேண்டியிருந்த ஊர்ப்படை அது. ஆண்டில் சில நாட்கள் கூடிப் பயிற்சி செய்துவிட்டு அவரவர் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள். அத்தகைய படையின் கேப்டன், போர்க்களத்தையே காணாதவராக இருந்தாலும், சாகும்வரை அப்பட்டத்தோடுதான் அழைக்கப்பட்டார். எனவே அவர் எங்கே போரிட்டார் என்பதைவிட, எந்த ஆண்டிலிருந்து அவருக்கு அந்தப் பட்டம் வந்தது என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

இதற்கு ஒரு காலவரிசை அட்டவணை போதும். அவர் பெயர் வரும் ஒவ்வோர் ஆவணத்தின் தேதியையும், ஊரையும், பெயருக்கு முன் என்ன பட்டம் இருந்தது என்பதையும் மூலத்தில் உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள். என்சைன், லெப்டினன்ட், கேப்டன் என்ற ஏறுவரிசையில் ஒருவர் உயர்வது வழக்கம். 1712இல் லெப்டினன்ட் என்று குறிக்கப்பட்டவர் 1715இல் பட்டம் ஏதுமின்றி வந்தால், எழுத்தர் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன், அதே பெயரில் இன்னொருவர் இருந்தாரா என்று பார்க்க வேண்டும்.

பட்டம் வந்த ஆண்டைக் கண்டுபிடிக்கும் வழி காலனிக்குக் காலனி மாறும். கனெக்டிகட்டில் அதிகாரிகளின் நியமனத்தைப் பொதுப்பேரவை உறுதி செய்தது. 1636 முதல் 1776 வரையிலான அக்காலனியின் பொது ஆவணங்கள் 15 தொகுதிகளாக அச்சிடப்பட்டிருப்பதால், அங்கே வேலை எளிது. மாசசூசெட்ஸில் தொடக்கத்தில் ஊர்ப்படையினரே தம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க, பொது நீதிமன்றம் என்று பெயர்பெற்ற சட்டமன்றம் அதை உறுதி செய்தது. 1691ஆம் ஆண்டுச் சாசனத்துக்குப் பிறகு நியமன அதிகாரம் ஆளுநரிடம் போயிற்று. வர்ஜீனியாவில் ஆளுநர் நியமனம் செய்வார். அதிகாரி உறுதிமொழி எடுத்த செய்தியைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்ற ஆணைப் புத்தகத்தில் தேட வேண்டும். பென்சில்வேனியாவில், போரையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் செல்வாக்கால் 1755 வரை குடிப்படைச் சட்டமே இல்லை. 1747இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் திரட்டியதும் தன்னார்வப் படைதான். ஆகையால் 1730இல் அங்கே ஒரு கேப்டன் தென்பட்டால், அவர் கப்பல் ஓட்டியவரா என்று பார்ப்பது நல்லது. கப்பல் தலைவர்களையும் அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

ஒரே பெயர் எவ்வளவு குழப்பும் என்பதற்கு கோரம் குடும்பத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிளிமத் காலனியைச் சேர்ந்த கேப்டன் ஜான் கோரம், மேஃப்ளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் மகள் டிசையரை மணந்தவர். ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே நடந்த, ஃபிலிப் மன்னர் போர் என்று அழைக்கப்படும் போரில், 1675 டிசம்பர் 19 அன்று நாரகன்செட் என்னும் பூர்வகுடி மக்களின் கோட்டை மீது நடந்த தாக்குதலில் பங்கேற்று, சில வாரங்களில் ஸ்வான்சியில் இறந்தார். அவர் மகன் இன்னொரு ஜான். அவரும் படை அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்து 1716இல் இறந்தார். இந்த இரண்டாம் ஜானின் மகன் ஷுபேல், 1745இல் லூயிஸ்பர்க் என்னும் பிரெஞ்சுக் கோட்டையின் முற்றுகைக்குச் சென்று மறு ஆண்டு அங்கேயே காலமானார். ஷுபேலின் மகன் மீண்டும் ஒரு ஜான். நோவா ஸ்கோஷியாவில் ரேஞ்சர் படை நடத்தியவர். ஜான் கோரம் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் மூன்று வாழ்க்கைகளை ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுவார். பட்டத்தையும் ஆண்டையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால் மூவரும் தாமாகவே பிரிந்து நிற்பார்கள்.

முதல் ஜானின் இறப்புத் தேதியில் இன்னொரு பொறியும் உண்டு. அன்றைய ஆங்கிலேயக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே அவர் இறந்த பிப்ரவரி 5, எழுத்தரின் கணக்கில் இன்னும் 1675தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், மனிதர் அந்தக் கோட்டைத் தாக்குதலுக்குப் பத்து மாதம் முன்பே இறந்துவிட்டதாக ஆகிவிடும். இதனால்தான் 1675/6 என்று இரட்டை ஆண்டாக எழுதுகிறார்கள். மாதங்களை எண்ணால் குறித்திருந்தால் முதல் மாதம் என்பது மார்ச். 1752இல் புத்தாண்டு ஜனவரி 1க்கு மாறிய பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. அதே ஆண்டில் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 ஆனது.

குடும்பத்தைக் கட்டியெழுப்ப உயிலும், இறந்தவரின் உடைமைப் பட்டியலும், நிலப் பத்திரங்களுமே அடித்தளம். உடைமைப் பட்டியலில் வாளும் இடைவாரும் இருந்தால் அது அதிகாரியின் வீடு என்பதற்கு ஒரு துணைச் சான்று. உயிலில் உறவுச் சொற்களை இன்றைய பொருளில் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ‘சன்-இன்-லா’ என்பது மகளின் கணவரையும் குறிக்கும், மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகனையும் குறிக்கும். ‘கசின்’ என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். பெயருக்குப் பின் வரும் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ ஆகியவை தந்தை மகனைத்தான் சுட்டும் என்பதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டுவதற்கே அவை பயன்பட்டன, மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். உயிலே இல்லாவிட்டாலும் சொத்துப் பிரிவினை பேசும்: மாசசூசெட்ஸில் மூத்த மகனுக்கு இரண்டு பங்கு கிடைத்தது, வர்ஜீனியாவில் 1785ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சென்றது. மனைவியின் பெயர் பெரும்பாலும் நிலம் விற்ற பத்திரத்தில், அவர் தம் விதவைப் பங்கை விட்டுக்கொடுக்கும் வரியில் ஒளிந்திருக்கும்.

பத்திரங்கள் மாசசூசெட்ஸில் கவுண்டி வாரியாகவும், கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் ஊர் வாரியாகவும் பதிவாயின. எங்கே தீப்பிடித்தது என்பதையும் முன்பே அறிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். கோரம் குடும்பம் வாழ்ந்த பார்ன்ஸ்டபிள் கவுண்டியின் பத்திரப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1827இல் எரிந்துபோனது. நியூயார்க் மாநில நூலகம் 1911இல் எரிந்தபோது காலனி ஆவணங்கள் பலவும் சேதமுற்றன. ஒரு வழி அடைபட்டால் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘சிஓ 5’ என்ற வரிசையைப் பாருங்கள். ஆளுநர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் பட்டியல்களும் அங்கே உள்ளன.

போர்ச் சேவைக்காகத் தரப்பட்ட நிலம், போர்ப் பட்டியலைவிடக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம். நாரகன்செட் மக்கள் மீதான அந்தப் போருக்குச் சென்றவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் மாசசூசெட்ஸ் 1728 தொடங்கி ஏழு புதிய ஊர்களை ஒதுக்கியது. ஊருக்கு 120 பேர் என மொத்தம் 840 பேர். ஏழாவது ஊர்தான் இன்றைய மெய்ன் மாநிலத்தின் கோரம். போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து எழுதிய அந்தப் பட்டியல்களில், யாருடைய உரிமையை யார் கோருகிறார் என்ற குறிப்பு வருவதால், இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே வரியில் கிடைக்க வாய்ப்புண்டு. பிரிட்டிஷ் மன்னரின் 1763ஆம் ஆண்டு அரச அறிவிப்பு கேப்டனுக்கு 3,000 ஏக்கர், அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 2,000 ஏக்கர், சாதாரண வீரருக்கு 50 ஏக்கர் என்று வகுத்தது. ஏக்கர் அளவே பதவியைச் சொல்லிவிடும். ஆனால் ஊர்க் குடிப்படை வேறு, போருக்கென்று காலனி திரட்டிய படைப்பிரிவு வேறு. ஊரில் லெப்டினன்ட்டாக இருந்தவர் மற்றதில் வேறு பதவியில் இருந்திருக்கலாம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் வம்சாவளிகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1607 முதல் 1775 வரை சேவை செய்தவர்களின் வழிவந்தோருக்காக 1892இல் காலனிப் போர்கள் சங்கம் தோன்றிய காலம், முன்னோரைத் தேடுவது மோகமாக இருந்த காலம். குஸ்தாவ் ஆன்ஜூ போன்றவர்கள் பணம் வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளிகளை எழுதிக் கொடுத்ததும் அக்காலத்தில்தான். அச்சில் வந்த பழைய குடும்ப வரலாற்றின் ஒவ்வொரு தந்தை-மகன் இணைப்புக்கும் மூல ஆவணத்தைக் கண்டு அடையாளமிடுங்கள். ஃபேமிலிசர்ச் என்னும் வம்சாவளி ஆவண இணையதளத்தில் கவுண்டிப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகவே புரட்டலாம். கையெழுத்து ஆவணங்கள் பல பெயர் அட்டவணையில் சிக்காது. அத்தளத்தின் முழு உரைத் தேடல் இப்போது கையெழுத்தையும் ஓரளவு படிக்கிறது என்றாலும், அதில் அகப்படாதவற்றைப் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் புரட்டும்போது, குறிப்பாக வர்ஜீனிய அதிகாரிகளின் உடைமைப் பட்டியல்களில், மாடுகளுக்கும் கட்டில்களுக்கும் நடுவே அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களின் பெயர்கள் விலையோடு வரும். அவற்றையும் ஒன்று விடாமல் படியெடுத்து, பக்க எண்ணோடு உங்கள் ஆய்வில் சேருங்கள். அவர்களின் வழிவந்தோருக்குத் தம் முன்னோரின் பெயர் எழுத்தில் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பக்கமாகவே இருக்கக்கூடும்.