இருபதாயிரம் வந்தும் இருபதாம் தேதியில் கை காய்வது ஏன்?

2020 ஏப்ரலில், நடமாட்டக் கட்டுப்பாடு அமலில் இருந்தபோது, மலேசிய வங்கிகள் கடன் தவணைகளை ஆறு மாதத்துக்கு ஒத்திவைத்தன. கோலாலம்பூரின் பங்சாரில் எங்கள் வீட்டுக் கடனுக்கும் இரண்டு கார் கடனுக்கும் அப்போது மாதம் 7,800 ரிங்கிட் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் 46,800 ரிங்கிட் மிஞ்சியிருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 9,000 சொச்சம் இருந்தது. மகளின் பழைய பயிற்சி நோட்டின் பின்பக்கத்தில் மனைவி மூன்று முறை கூட்டிப் பார்த்தார். இதுதான் பெரிய செலவு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு டேப்லெட், ஓர் உடற்பயிற்சி சைக்கிள், வாரத்தில் நாலு நாள் வாசலுக்கு வந்த சாப்பாடு, அவ்வளவுதான். வீட்டுக் கடனின் வட்டி மட்டும் அந்த ஆறு மாதமும் நிற்காமல் ஏறியிருந்தது.

அன்று முதல் எங்களைப் போன்ற குடும்பங்களின் கணக்கைக் கவனித்துவருகிறேன். நன்றாகச் சம்பாதிக்கும் வீடுகள் ஊதாரித்தனத்தால் தடுமாறுவது குறைவு. ஒவ்வொரு சம்பள உயர்வையும் ஒரு மாதத் தவணையாக மாற்றிவிடுகிறோம். பெரிய தவறு அதுதான். உணவகத்தில் 400 ரிங்கிட் செலவழித்தால் அடுத்த மாதம் போகாமல் இருந்துவிடலாம். ஒன்பது ஆண்டுக் கார் கடனில் கையெழுத்திட்டால் 108 மாதம் கட்டியே தீரவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு 14,000 ரிங்கிட் சம்பளம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தம். ஆண்டு வருமானத்தில் விலக்குகள் போக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 25 விழுக்காடு வரி. எல்லாம் போக இருவர் கைக்கும் சேர்த்து வருவது ஏறக்குறைய 21,400. பன்னிரண்டு லட்சம் ரிங்கிட் வீட்டுக் கடன் 35 ஆண்டுக்கு, 4 விழுக்காடு வட்டியில், மாதம் 5,300. கொண்டோவின், அதாவது அடுக்குமாடி வீட்டின், பராமரிப்புக் கட்டணமும் அதன்மேல் பத்தில் ஒரு பங்காக வரும் சேமிப்பு நிதியும் 700. பெரிய காருக்கு 2,850, சின்ன காருக்கு 1,300. இரண்டு பிள்ளைகளுக்கு அனைத்துலகப் பள்ளியில் ஆளுக்கு ஆண்டுக்கு 40,000 என்று வைத்தால் மாதம் 6,650. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 1,900. காப்புறுதிக்கு 1,200. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 1,000. கூட்டினால் 20,900. மளிகை, பெட்ரோல், டோல், மின்சாரம், மருந்து எதுவும் இன்னும் தொடங்கவில்லை. மிச்சம் 500.

அந்த 500-இல் மாதம் ஓடாது. ஆகவே கிரெடிட் கார்டு வருகிறது. மாதந்தோறும் குறைந்தபட்சமான 5 விழுக்காட்டை மட்டும் கட்டிவந்தால், ஒழுங்காகக் கட்டுபவருக்கே மீதிப் பாக்கியின்மேல் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. தவறவிட்டவருக்கு 18 வரை. மாதம் 28,000 சம்பாதிக்கும் வீடு 15 விழுக்காட்டில் கடன் வாங்கி அரிசி வாங்குகிறது என்பதை அந்த வீட்டாரே நம்ப மாட்டார்கள், பில்லைக் கண்ணால் பார்க்கும் வரை.

கார் கடனில் இன்னொரு கண்மறைவு உண்டு. விற்பனையாளர் 2.5 விழுக்காடு என்று எழுதிக் காட்டுவது, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஒன்பது ஆண்டும் கணக்கிடப்படும் நிலை வட்டியாக இருக்கலாம். அப்படியானால், குறைந்துவரும் பாக்கியின்மீது கணக்கிட்டால் அது 4.6 விழுக்காட்டைத் தாண்டும். வீட்டுக் கடனைவிடக் கார் கடன் மலிவு என்று நினைத்துக்கொண்டு முன்பணத்தைக் குறைத்துக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் மனம் அதிகம் நோவது இங்கேதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரப்பிள்ளைக்குச் சிறந்த பள்ளி வேண்டும் என்ற ஆசையில் எந்தக் குற்றமும் இல்லை. அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பு 2012-இல் நீக்கப்பட்ட பிறகு அந்தக் கதவு நமக்கும் அகலத் திறந்தது. ஆனால் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கிறோம். கட்டணம் வகுப்புக்கு வகுப்பு ஏறும். ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டைத் தாண்டும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜூலை முதல் 6 விழுக்காடு சேவை வரியும் உண்டு. பேருந்து, சுற்றுலா, சீருடை, ஹோட்டலில் நடக்கும் பிறந்தநாள் விருந்துகள் எல்லாம் தனி. பன்னிரண்டு ஆண்டு அப்படிக் கட்டி முடிக்கும் நேரத்தில் பிள்ளை பிரிட்டனுக்குப் போக ஆசைப்படும். கட்டணம் அதுமுதல் பிரிட்டிஷ் பவுண்டில் வரும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய்மொழித் தாளை எழுதாத பிள்ளைக்குப் பிற்காலத்தில் அரசு வேலைக் கதவு மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்க்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். பதினான்கு வயதில் பணமில்லை என்று பள்ளியை மாற்றினால் அந்தப் பிள்ளை தன் நண்பர்களையும் சேர்த்து இழக்கிறது. ஒரு சம்பளம் நின்றுபோனாலும் கட்ட முடிகிற கட்டணமா என்று பார்த்தபின் சேர்ப்பதே பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

போனஸைச் சம்பளமாக எண்ணிக் கடன் எடுப்பது அடுத்த தவறு. அதற்கு விளக்கம் தேவையில்லை. வராத ஆண்டில் புரிந்துவிடும்.

கல்யாணச் செலவு வேறு விதம். "மூத்தவளுக்கு எண்ணூறு பேரை அழைத்தீர்களே" என்று ஓர் அத்தை கேட்டால் போதும், இளையவளுக்கும் மண்டபம் பெரிதாகிவிடும். பணம் போதாத இடத்தில் படித்தவர்கள்கூடக் கூட்டு, அதாவது மாதச் சீட்டு, போடுகிறார்கள். அதைத் தடைசெய்யும் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' இருக்கிறது. பொறுப்பாளர் பணத்தோடு மறைந்தால் போலீசில் போய் எதைச் சொல்வது?

சேமநிதி இருக்கிறதே என்ற நிம்மதியும் ஏமாற்றும். 2024 மே 11 முதல் புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 இரண்டாவது கணக்குக்கும், 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கும் போகிறது. அந்தப் பத்தை மறந்துவிடுவது நல்லது. சொந்தமாகக் கிளினிக்கோ வழக்கறிஞர் அலுவலகமோ நடத்துபவருக்கு அந்தக் கட்டாயச் சந்தாவும் கிடையாது. தாமாகக் கட்டலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை. நல்ல வருமானம் வரும் ஆண்டுகளில் அதைச் செய்யாமல் இரண்டாவது கொண்டோ வாங்கி, வாடகைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் மருத்துவ நண்பர்கள் எனக்கு உண்டு.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம். சம்பளம் ஏறினால் ஆறு மாதம் அந்த உயர்வைத் தொடுவதில்லை, தனிக் கணக்குக்குப் போகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகும் தேவை என்று தோன்றுவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு. முன்பெல்லாம் பணப் பேச்சு வந்தால் அவர்களை அறைக்கு அனுப்பிவிடுவோம். இவ்வளவு வரும், இவ்வளவு போகும் என்று யாரும் சொல்லாத பிள்ளைக்கு எல்லை எங்கே தெரியும்?

போன மாதம் பில்களை மகளையே வாசிக்கச் சொன்னோம். பதினைந்து வயது. கொண்டோ பில்லில் நின்றுவிட்டாள். "அப்பா, லிஃப்ட் ஓடுவதற்கா இவ்வளவு?" என்று கேட்டாள். பிறகு அவளே கூட்டினாள். கேட்டிருந்த புதிய போனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டாள். பள்ளிச் சுற்றுலாவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அதற்குக் காரணமும் சொன்னாள். 2,400 ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைத்தோம்.