எர்த் வயர் சுட்டால் பற்றரியை மாற்றாதீர்கள்

போன மாதம் ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி, தானே பொக்ஸ் பார் வெட்டி ஒட்டிக் கட்டிய சின்னக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பற்றரி புதிது. ஸ்டார்ட்டர் மோட்டரும் கழற்றிப் புதுப்பித்தது. "அண்ணே, எர்த் வயர்ல கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. எஞ்சின் அரைச் சுற்றோட நிக்குது" என்றார். எர்த் வயர் என்றால் போன கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பி வரும் வயர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என்னுடைய முதல் வண்டியில் நான் செய்த அதே கூத்து.

டெர்மினல் தளர்ந்திருப்பது, பற்றரியில் சார்ஜ் இல்லாதது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆட்கள் வழக்கமாக விடும் மற்றப் பிழைகள் கீழே.

எஞ்சினுக்கு எர்த் கொடுக்க மறப்பது

தம்பியின் வண்டியில் பற்றரி மைனஸிலிருந்து சேஸிக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, நல்ல தடித்த வயர் வந்திருந்தது. சேஸியிலிருந்து எஞ்சினுக்குப் போனதோ வீட்டு வயரிங்கில் மிஞ்சிய பச்சை மஞ்சள் துண்டு ஒன்று. "எர்த்துதானே அண்ணே, அதுக்கு எதுக்குத் தடிப்பு?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்காத கேள்வி.

ஸ்டார்ட்டர் மோட்டருக்குத் தனியே எர்த் வயர் கிடையாது. அதன் உடம்புதான் எர்த். அது எஞ்சினில் பூட்டியிருக்கிறது, எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. சின்னக் கார் எஞ்சின் ஒன்றைச் சுற்றவே 150 ஆம்பியர் அளவில் போகும், அத்தனையும் திரும்பி வர வேண்டும். பிளஸ் வயர் எவ்வளவு தடிப்போ எர்த்தும் அவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்.

என் வண்டியில் அந்தத் துண்டு வயர்கூட இல்லை. பழைய டொயோட்டா 4கே எஞ்சின், நானே ஒட்டிய சேஸி. முதல் இரண்டு மாதம் அழகாக ஸ்டார்ட் ஆனது. ஒருநாள் சைலன்சர் சேஸியில் முட்டிச் சத்தம் போடுகிறதே என்று அதை ரப்பரில் தொங்கவிட்டேன். மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். அதுவரை எனக்கு எர்த்தாக இருந்ததே அந்த முட்டல்தான் என்று எனக்கு எங்கே தெரியும்? பற்றரி வாங்கினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றி பிரஷ் மாற்றினேன். இன்னொரு பற்றரி வாங்கினேன்.

கடைசியில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்றது. 2013இல் புதுப் பாலம் திறக்க முந்திய காலம். பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். பின்னால் ஹோர்ன் சத்தம், நான் சாவியைத் திருப்பத் திருப்ப டாஷ்போர்டுக்குக் கீழே புகை. கரண்டுக்கு வேறு வழியில்லாமல் சோக் கேபிளாலும் ஆக்சிலேட்டர் கேபிளாலும் திரும்பிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டர் கேபிளின் உள் நைலோன் உருகி இறுகிப்போனது. ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி இறுகியிருந்தால் நான் வாவிக்குள்தான். பெற்றோல் குழாய் இரும்பாக இருந்தால் அதன் வழியாலும் போகும். மிச்சத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த கராஜில் வயதான பாஸ் ஒருவர், "மனே, போன கரண்ட் எதால திரும்பி வரும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பற்றரி வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு முழம் வயரில் வேலை முடிந்தது.

ஓம் வைத்துப் பார்த்து நம்புவது

மல்டிமீற்றரை ஓமில், அதாவது தடையை அளக்கும் இடத்தில், வைத்து எர்த்தைப் பார்ப்பார்கள். 0.1 காட்டும், "நல்லாயிருக்கு" என்பார்கள். 0.1 ஓம் வழியாக 150 ஆம்பியர் போக 15 வோல்ட் வேண்டும். பற்றரியில் இருப்பதே பன்னிரண்டு சொச்சம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் ஓமில் நல்ல வயர் மாதிரித்தான் காட்டும்.

கரண்ட் ஓடும்போது வோல்ட் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க கொயிலின் சின்ன வயரைக் கழற்றிவிடுங்கள். மீற்றரின் ஒரு முனை பற்றரியின் மைனஸ் ஈயக் குமிழில், மற்றது எஞ்சின் புளொக்கில் வெறும் இரும்பு தெரியும் இடத்தில். ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம். தம்பியின் வண்டியில் 1.5 காட்டியது. 1.5 வோல்ட்டும் 150 ஆம்பியரும் என்றால் 225 வோட்: பழைய 100 வோட் பல்ப் இரண்டு அந்தத் துண்டு வயருக்குள் எரிகிற மாதிரி. சுடாமல் என்ன செய்யும்?

அதிகம் காட்டினால் படிப்படியாக நகருங்கள். ஈயக் குமிழிலிருந்து கிளிப்புக்கு, கிளிப்பிலிருந்து வயர் நுனியில் போல்ட் போடும் காதுக்கு, காதிலிருந்து சேஸிக்கு, சேஸியிலிருந்து புளொக்குக்கு. எந்த அடியில் எண் துள்ளுகிறதோ அதுதான் கள்ளன்.

பெயின்ட் மேல் முடுக்குவது

சுரண்டுங்கள். இரும்பு மினுங்க வேண்டும். முடுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், ஒரு மாரி போதும் செம்பு பச்சை பூக்க.

பற்றரியைப் பின்னால் வைத்துவிட்டு வயரை மாற்றாதது

இடம் போதாமல் பலர் பற்றரியை டிக்கிக்குக் கொண்டுபோகிறார்கள். சரி, ஆனால் தூரம் நாலு மீற்றர். 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு மட்டும் 0.65 வோல்ட் போய்விடும். 35 என்றால் 0.3. மலிவாகக் கிடைக்கும் வயரை வாங்குமுன் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். அதே தடிப்பில் செம்பு விடுகிற கரண்டை அது விடாது.

எங்கே சுடுகிறது என்று தடவிப் பார்க்காதது

நுனி மட்டும் சுட்டால் அந்த மூட்டு. வயர் முழுக்க ஒரே மாதிரி சுட்டால் வயர் மெல்லியது. தடித்த நல்ல வயரும் முழுக்கச் சுட்டால் மோட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது: உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து உரசலாம், எஞ்சின் இறுக்கமாக இருக்கலாம், டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) முந்தி இருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் உதைத்து நின்றால் முதலில் டைமிங்கைப் பாருங்கள்.

விடாமல் ஸ்டார்ட் அடிப்பது

பத்து செக்கன். பிறகு இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

ஃபைபர் பொடி கட்டிய வண்டியில் எர்த் தேடுவது

ஃபைபர் கரண்டை விடாது, எர்த் கிடைக்காது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுங்கள்.

தம்பிக்கு 35 சதுர மில்லிமீற்றர் வயரில் ஒரு முழம் வெட்டி, காது நசுக்கி, கியர்பொக்ஸ் போல்ட் ஒன்றிலிருந்து சேஸிக்குப் பூட்டினோம். மீற்றர் 0.12 காட்டியது, முதல் அடியிலேயே ஸ்டார்ட். அவர் மாற்றிய பழைய பற்றரியைச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையுமில்லை. இப்போது அது அவருடைய மாமாவின் தோணியில் விளக்கு எரிக்கிறதாம்.