'க்ளைமேட் சூப்பர்' ஊரில் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம்: நாம் செய்யும் தவறுகள்

பெங்களூர்த் தமிழில் 'க்ளைமேட்' என்றால் வானிலை. சாயங்காலம் மேகம் கட்டிக் காற்று சிலுசிலுவென்று வீசினால், "இன்னிக்கு க்ளைமேட் சூப்பரா இருக்கு, பஜ்ஜி போடலாமா?" என்போம். அல்சூருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் இப்படித்தான் பேசுகிறேன். நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் மகள் கேட்டாள்: "மத்தியானம் வெயில், இப்ப மழை. இதுதானேம்மா க்ளைமேட் சேஞ்ச்?"

அவள்மேல் தப்பில்லை, வார்த்தையைக் கெடுத்து வைத்தது நாங்கள். ஒரு நாள் வெயிலையும் ஒரு மழையையும் காட்டிப் பருவநிலை மாற்றத்தை விளக்குவதுதான் பெற்றோர் செய்கிற முதல் தவறு. 2024 ஏப்ரல் கடைசியில் இங்கே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. "பாத்தியா, இதுதான்" என்று வீட்டுக்கு வீடு சொன்னோம். டிசம்பரில் ஸ்வெட்டரை எடுத்ததும் அதே பிள்ளை, "அப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்கத்தானே செய்யும்? இன்றைய வெயிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், நாளைய குளிர் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்கும்.

எங்கள் தெருப் பழைய வீடுகள் சிலவற்றில் சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. கட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இப்போது அங்கேயும் ஏசி தொங்குகிறது. மகளைக் கூட்டிப்போய் அதைக் காட்டினேன். இன்றைக்கு வேர்க்கிறதா என்பது வானிலை. வீடு கட்டுகிறவர் கொக்கி வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாரே, அது பருவநிலை.

அடுத்தது ஓசோன். என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் மண்டையில் பதிந்த படம்: வானத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாக வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது. இது தப்பு, ஆனால் பிள்ளைகளுக்கு நாம் கூசாமல் சொல்லித் தருகிறோம். ஓசோன் படலத்தைக் கெடுத்தவை பழைய ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள். அதனால் புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே வந்தது. புவி சூடாவது வேறு கதை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயு, பூமி வெளியே விடும் வெப்பத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்த இந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. போர்வை கனத்துவிட்டது என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

ஓசோனை விட்டுவிடவும் வேண்டாம், தனிக் கதையாகச் சொல்லுங்கள். 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தின. படலம் மெல்ல மெல்லத் தேறிவருகிறது. பயந்துபோன பிள்ளைக்குச் சொல்ல நம் கையில் இருக்கிற நல்ல செய்திகளில் அது ஒன்று.

பயம் என்றதும் 2024 மார்ச் நினைவுக்கு வருகிறது. போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை ஏறி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த நாட்கள். பெரியவர்கள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, "இன்னும் பத்து வருஷத்துல இந்த ஊரே காலி" என்று பேசிக்கொண்டிருந்தோம். ரெண்டாம் வகுப்புப் படித்த மகள் ஒருநாள் டம்ளரில் பாதி குடித்துவிட்டு மீதியைக் குடத்திலேயே ஊற்றினாள். "எச்சில் தண்ணியை ஏண்டி ஊத்தற?" என்று மாமியார் அதட்ட, "நான் பெரியவளாகறப்ப வேணுமில்ல ஆயா?" என்றாள். அன்றைக்கு டிவியை அணைத்தோம். எட்டு வயசுப் பிள்ளையின் தோளில் ஊரையே தூக்கி வைத்துவிட்டு, அதற்கு விழிப்புணர்வு என்று பெயரும் சூட்டுகிறோம்.

இன்னொரு தவறு, தூர தேசத்தை மட்டுமே காட்டுவது. உருகும் பனிப்பாறைமேல் நிற்கும் பனிக்கரடி பாவம்தான். ஆனால் பெங்களூர்ப் பிள்ளைக்கு அது கார்ட்டூன். நம் வீட்டுக் குழாயிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

காவேரி தண்ணி சும்மா வருவதில்லை. மண்டியா மாவட்டத்துத் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம், மூன்று இடங்களில் பம்ப் வைத்து மேலே தள்ளுகிறார்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 15 லிட்டர் வாளி ஒன்றை 500 மீட்டர் தூக்கும் மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். பம்பில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் மூன்று மணி நேரம். கர்நாடகாவில் நீர், காற்று, சூரிய மின்சாரம் நிறைய உண்டு. ஆனாலும் ராய்ச்சூரிலும் பள்ளாரியிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வாளி, பம்ப், கரண்ட், கரி, புகை என்று மகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். "தண்ணியை வீணாக்காதே" என்று நூறு தடவை சொன்னபோது ஏறாதது அன்றைக்கு ஏறியது. மாடி டேங்க் நிரம்பி வழிந்தால் மோட்டாரை அணைக்க இப்போது முதலில் ஓடுவது அவள்தான். (அவள் அப்பா இன்னும் ஷவரில் பாட்டுப் பாடிக்கொண்டுதான் குளிக்கிறார். அது வேறு பிரச்சினை.)

அதற்காக எல்லாப் பழியையும் பருவநிலை தலையிலேயே போடுவதும் தப்பு. 2022 செப்டம்பர் ஆரம்பத்தில் ஒரே நாளில் சுமார் 13 சென்டிமீட்டர் மழை கொட்டி, வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி. ஆட்களை டிராக்டரில் ஏற்றிப் போனார்கள். சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம். அதனால் பெய்தால் கனமாகப் பெய்ய வாய்ப்பு அதிகம். சரி. ஆனால் பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் போனதற்கு, ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்களை மறித்தும் ஏரிகளைத் தூர்த்தும் கட்டியதுதான் காரணம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது சொன்னால் போதும், புத்தகம் வேண்டாம். பிள்ளைகளைப் "ப்ரஷ் பண்ணும்போது குழாயை மூடு" என்று விரட்டுகிற நாம், ஏரியைத் தூர்த்தவர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பள்ளிக்கூட ப்ராஜெக்ட் பற்றிப் பேசாமல் முடியாது. 1991இலேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கச் சொன்னது. நல்லதுதான். அது எங்கள் வீட்டில் வந்து நின்ற கோலம் இது: ஜூன் 4ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி, நாளைக்குப் 'பூமியைக் காப்போம்' மாடல் கொண்டுவர வேண்டும். கடையில் எனக்கு முன்னால் ஆறு அம்மாக்கள். தெர்மகோல் உருண்டை, பச்சை ஜிகினா, ஃபெவிகால். அலங்காரத் தெர்மகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை; கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். பூமி உருண்டையைப் பாதியாக அறுத்தபோது பறந்த வெள்ளைத் துகள்கள் ஒரு வாரம் சோஃபாவில் ஒட்டிக்கொண்டிருந்தன, மீதி வாசல் சாக்கடையில். மாடலுக்குக் கீழே 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று லேமினேட் செய்த அட்டை.

அடுத்த வருடம் பழைய காலண்டரின் பின்பக்கத்தில், வீட்டுக் கரண்ட் பில்லைப் பன்னிரண்டு மாதக் கோபுரங்களாக வரைந்து கொண்டுபோனாள். ஏப்ரல் கோபுரம் தாளைவிட்டு வெளியே போய்விட்டது. பரிசு ஜிகினா பூமிக்குத்தான் கிடைத்தது.

கடைசியாகக் குப்பை. தெருவில் மிட்டாய் உறை போட்டால் பூமி சூடாகும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது சாக்கடையை அடைக்கும், மாடு தின்னும். சூட்டில் அதன் பங்கு சொற்பம். சூட்டோடு நேரடிச் சம்பந்தம் உள்ளது, யாரும் கண்டுகொள்ளாத கத்தரிக்காய்க் காம்பும் மிச்ச சோறும். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்தால் அழுகி மீத்தேனாகும். முதல் இருபது வருடங்களில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது. நம் குப்பையைச் சுமந்த மண்டூர் கிராமத்துக்காரர்கள் போராடிப் போராடி 2014 கடைசியில்தான் லாரிகளை நிறுத்த முடிந்தது.

நாங்கள் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, சானிட்டரி என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். ஒருநாள் வண்டியில் எல்லாம் ஒன்றாகப் போய் விழுந்ததை மகள் பார்த்துவிட்டாள். "அப்புறம் எதுக்கும்மா பிரிக்கணும்?" இல்லை, பிறகு பிரிப்பார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அங்கேதான் பெரிய தவறு நடக்க இருந்தது. "எனக்கும் கோபமாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே மாடியில் ரெண்டு மண்தொட்டி வைத்தோம். காய்கறித் தோல், மேலே காய்ந்த இலை, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். மூன்றாம் நாள் கையை விட்டுப் பார்த்தவள் "சுடுதும்மா!" என்று கத்திக்கொண்டு கீழே ஓடிவந்தாள். பத்தாம் நாள் நாற்றம் தாங்கவில்லை. வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரணை நடந்தது: "சாம்பார் ஊத்தினது யாரு?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன்.