நிஜ ஆளுங்கள வச்சு ‘அந்த மாதிரி’ ஃபிக் (ரசிகர்கள் எழுதுற கற்பனைக் கதை) எழுதப் போறீங்களா? எழுதுறதுக்கு முன்னாடி

நானும் ஷிப் பண்ணுற, அதாவது ரெண்டு பேர ஜோடி சேத்துப் பாக்குற ஆளுதான், அதனால இது உபதேசம் இல்ல, என் கையில இருக்குற செக் லிஸ்ட்னு வச்சுக்கோங்க.

மொதல்ல வயசு. கதை எந்த வருஷத்துல நடக்குதுன்னு பாத்து, அப்ப அந்த ஆளுக்கு எத்தன வயசுன்னு கணக்குப் போடுங்க. கே-பாப்ல (கொரிய பாப் இசை) இது ரொம்ப முக்கியம், பிடிஎஸ் குழு 2013 ஜூன்ல வந்தப்ப அதுல கடைசி தம்பிக்கு 15 வயசுதான், இப்ப பெரிய ஆளாயிட்டாரேன்னு சொல்லி ‘ட்ரெய்னி காலத்து கதை’ (மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி பயிற்சி எடுத்த காலம்) எழுதுனா அது சின்னப் பையனப் பத்தின கதைதான். இதுல பேச்சே கிடையாது, மூடிட்டு வேற யோசிங்க.

அடுத்தது எழுத்தா படமாங்கிறது. எழுத்துன்னா இது கற்பனைன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும், ஆனா ஏஐல முகத்த ஒட்டி படமோ வீடியோவோ பண்ணா அத யாரும் ஃபிக்னு பாக்கப் போறதில்ல, ஒரு தடவ வாட்ஸப்ல போயிருச்சுன்னா அது அந்த ஆளேதான்னு ஊரே நம்பும். தென் கொரியாவுல 2024 செப்டம்பர்ல போட்ட சட்டப்படி டீப்ஃபேக் ஆபாசத்த வச்சிருந்தாலே, பாத்தாலே 3 வருஷம் வரைக்கும் ஜெயில். நம்ம ஊர்லயும் நெட்ல ஆபாசம் பரப்புறதுக்கு எதிரா ஐடி சட்டத்துல 67, 67ஏ-ன்னு ரெண்டு பிரிவு இருக்கு. அதனால மார்ஃபிங் பக்கமே போகாதீங்க, ‘சும்மா ஜாலிக்கு’ன்னும் வேணாம்.

சரி, எழுத்துதான்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்போ நான் பாக்குற ஒரே விஷயம், அந்த ஆளு கண்ணுல அது படக்கூடாது. ஏஓ3-ல (ஃபிக் போடுற வெப்சைட்) அக்கவுன்ட் இருக்கவங்க மட்டும் படிக்கிற மாதிரி லாக் போடலாம், போடுங்க. கதையில என்ன இருக்குன்னு சொல்ற டேக்க சரியா போடுங்க. ட்விட்டர்ல லிங்க் போட்டு அவங்க ஹேண்டில டேக் பண்றது, ஃபேன் மீட்ல பிரின்ட் எடுத்துட்டுப் போய் நீட்டுறது, பேட்டியில ‘உங்களப் பத்தின ஃபிக் படிச்சீங்களா’ன்னு கேட்டு நெளிய வைக்கிறது, இதெல்லாம்தான் எனக்கு எழுதுறத விட அசிங்கமாத் தெரியுது. 2019-ல ஹெச்பிஓ சீரியல் ஒண்ணுல ஒன் டைரக்‌ஷன் பேண்ட் பாடகருங்க லூயியையும் ஹாரியையும் ஜோடியா வச்சு ஒரு அனிமேஷன் சீன் வந்துச்சு, அதுக்கு லூயி என்ன சொன்னாருன்னா, என்கிட்ட யாரும் கேக்கல, நான் ஒத்துக்கவும் இல்லன்னு. அதுக்கு முன்னாடியே இந்த ஷிப்பால ஹாரிகூட சகஜமா பழகவே முடியாம போச்சுன்னு பேட்டியில சொன்ன மனுஷன் அவரு. பக்கத்துல உக்காந்தாலே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வட்டம் போட்டா எப்படிப் பழகுறது சொல்லுங்க.

அதனாலதான், ‘இது உண்மை, ரெண்டு பேரும் மறைக்கிறாங்க’ன்னு ஆரம்பிச்சா அப்பவே அது ஃபிக் இல்ல, வதந்தி. அவங்க பொண்டாட்டி, காதலி, அம்மா, குழந்தைய எல்லாம் வில்லியாக்கி உள்ள இழுக்காதீங்க, அவங்க மேடை ஏறவே இல்ல.

இவ்வளவு பாத்தும் மனசு உறுத்துதா, பேர மாத்திருங்க. அதே ஹாரி ஸ்டைல்ஸ் பேர்ல 2013-ல வாட்பேட்ங்கிற கதை தளத்துல ஓடுன ஒரு கதை அடுத்த வருஷம் புத்தகமா வந்தப்ப ஹீரோவுக்கு வேற பேரு, கதை ஒண்ணும் கெட்டுப் போகல. சொல்லப்போனா பேர எடுத்ததுக்கு அப்புறமும் நிக்கிற கதைன்னா நல்லா எழுதிருக்கீங்கன்னு அர்த்தம் (என்னோடது ரெண்டு நிக்கல, அது வேற விஷயம்).

கடைசியா, அந்த ஆளே ‘எனக்கு இது பிடிக்கல’ன்னு வெளிப்படையா சொல்லிட்டா வாதம் பண்ணாம எடுத்துருங்க. எடுத்தாலும் ஏஓ3-ல டவுன்லோட் பட்டன் எல்லாக் கதைக்கும் இருக்கு, நீங்க டெலிட் பண்ணுறதுக்குள்ள எத்தன பேரு ஃபோன்ல இறக்கி வச்சிருப்பாங்களோ, அதத் திரும்ப வாங்க வழியே இல்ல, போஸ்ட் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே இத யோசிச்சுக்கோங்க.