உங்க ஊரோட பழைய சென்சஸ் கணக்கை எடுக்கறது எப்படி? (திருப்பூரை வச்சு பாக்கலாம்)

நாலஞ்சு ஃபைல் டவுன்லோட் பண்ணி ஒரு எக்செல்ல போடற வேலைதான், ஆனா ரெண்டு இடத்துல கண்டிப்பா சறுக்கும், அதுக்குத்தான் இந்தப் போஸ்ட்.

ஸ்டெப் 1: ஊர் அப்போ எந்த மாவட்டத்துல இருந்துச்சுன்னு பாருங்க. திருப்பூர் மாவட்டம் வந்ததே 2009லதான், அதனால 1951, 1961 சென்சஸ் புக்கெல்லாம் கோயம்புத்தூர் பேர்லதான் கிடக்கும். நான் இது தெரியாம ஒரு சாயங்காலம் பூரா திருப்பூர்னு டைப் பண்ணி தேடிட்டு உக்காந்திருந்தேன். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் ஒரு பி போட்டு, ரெண்டு பி போட்டுன்னு ரெண்டு விதமா இருக்கும், மாத்தி மாத்தி அடிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 2: சென்சஸ் வெப்சைட்ல 'டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக்' (மாவட்ட வாரியான சென்சஸ் கையேடு) எடுங்க, 1951ல இருந்து வருது. 2011 புக்குல டவுன் டைரக்டரிங்கற பகுதிக்குப் போனா ஊரோட வளர்ச்சிக் கணக்கு 1901ல இருந்து ஒரே வரியில இருக்கும், பதினோரு புக்கைப் புரட்ட வேண்டியதில்ல. பழைய ஸ்கேன்ல 3ம் 8ம் ஒரே மாதிரி தெரியும், ஆண் பெண் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தத்தோட சரிபாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: எக்செல்ல வருஷம், மக்கள்தொகை, எல்லைன்னு மூணு காலம் (column) போடுங்க. திருப்பூருக்கு 1901ல 6,056, 1951ல 52,479, 2001ல 3,44,543, 2011ல 4,44,352.

அந்த மூணாவது காலம் எதுக்குன்னு கேப்பீங்க. 2011க்கு நெட்ல 8,77,778னு இன்னொரு நம்பரும் சுத்துது. ரெண்டுமே தப்பில்ல. வேலம்பாளையம், நல்லூர் நகராட்சியெல்லாம் மாநகராட்சியோட சேந்த பிறகு வந்த பெரிய எல்லைக்கான கணக்குதான் 8,77,778. பழைய எல்லைப்படி பாத்தா பத்து வருஷ வளர்ச்சி சுமார் 29 சதவீதம், பெரிய நம்பரை எடுத்து 2001 கூட ஒப்பிட்டா 155 சதவீதம்னு வந்து நிக்கும், ஊரே ரெண்டரை மடங்கு ஆயிடுச்சுன்னு எழுதி மாட்டிக்குவீங்க.

ஸ்டெப் 4: வீட்டுக் கணக்கு. இது தனி டேபிள், வீட்டுப் பட்டியல் எடுத்தது 2010ல, தலை எண்ணுனது 2011 பிப்ரவரில. சென்சஸ் வீடுன்னா குடியிருக்கற வீடு மட்டும் இல்ல, தனி வாசல் இருந்தா கடை, குடோன், பனியன் தைக்கற ஷெட்டு கூட அதுல சேரும், பூட்டிக் கிடக்கறதும் சேரும். குடும்பம்ங்கறது அடுப்பை வச்சு, அதாவது ஒரே சமையல்ல சாப்பிடறவங்க ஒரு குடும்பம். ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி தனித்தனியா பொங்கித் தின்னா ரெண்டு குடும்பம். அதனால மக்கள்தொகையை சென்சஸ் வீட்டு எண்ணிக்கையால வகுத்து 'வீட்டுக்கு இத்தனை பேர்'னு போட்டுடாதீங்க, திருப்பூர் மாதிரி சந்துக்கு சந்து கம்பெனி இருக்கற ஊர்ல அது சுத்தமா தப்பா வரும். குடும்ப எண்ணிக்கையால வகுங்க. கூரை, சுவர், கக்கூஸ், எத்தனை ரூம்ங்கறதெல்லாமும் இந்த டேபிள்லதான், வார்டு வாரியா சதவீதமா இருக்கும்.

2021க்கான வரியை காலியாவே விடுங்க, அந்த வருஷம் சென்சஸே எடுக்கல, நெட்ல பாக்கறதெல்லாம் யாரோ போட்ட மதிப்பீடுதான்.