மூக்கை மாட்டினால் சிரிப்பு வராது: கோமாளிப் பயிற்சியில் நாம் செய்கிற தவறுகள்

ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் நடிப்புப் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குறும்படத்தில் தலைகாட்டியவர்கள். மீதிப் பேர் தலைகாட்டக் காத்திருப்பவர்கள். பையிலிருந்து கோமாளியின் சிவப்பு ரப்பர் மூக்கை வெளியே எடுத்தால் போதும், எல்லா முகத்திலும் ஒரு இளிப்பு வந்துவிடும். "இன்னைக்குக் காமெடிங்களாண்ணா?"

இல்லை. முதல் தவறே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

1956-ல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக், விளையாட்டு, உடற்பயிற்சிப் பக்கமிருந்து நாடகத்துக்கு வந்தவர். அறுபதுகளில் ஒருநாள் மாணவர்களை ஒவ்வொருவராக நடுவில் வரச் சொல்லி, எங்களைச் சிரிக்க வையுங்கள் என்றார். கரணம் அடித்தார்கள், சொல்லை வைத்து விளையாடினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. தோற்றுப்போய், எரிச்சலும் வெட்கமுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைய கோமாளிப் பயிற்சியில் பெரும்பங்கு அந்த ஒரு நாளிலிருந்து கிளைத்தது. ஒருவர் தோற்கும்போது அவர் முகத்தில் என்ன நடக்கிறது, அதை மறைக்காமல் நம்மிடம் காட்ட முடிகிறதா என்பதுதான் பாடம்.

போன வருஷம் பள்ளிபாளையத்திலிருந்து தறி ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். கொடுத்த வேலை எளிதானது: உள்ளே வாருங்கள், எங்களைப் பாருங்கள், நாற்காலியில் உட்காருங்கள். அவர் நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். நாற்காலியைப் பார்த்துப் பாம்பைக் கண்டவர் போல அலறினார். இல்லாத வேட்டியை மடித்துக் கட்டினார். பன்னிரண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்லீங்ணா" என்று எங்களைப் பார்த்தார். தகரக் கூரை அதிரச் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாமல் இன்னொரு தடவை பார்த்தார். மறுபடியும் சிரிப்பு.

அடுத்த வாரம் அதே துண்டு, அதே வசனம், அதே முழி. ஒருவரும் சிரிக்கவில்லை. கிடைத்ததைப் பத்திரப்படுத்த நினைப்பது எல்லோரும் செய்கிற தவறு. அவர் பத்திரப்படுத்தியது துண்டை. சிரிப்பு வந்ததோ, வேறு வழியில்லாமல் எங்களைப் பார்த்த அந்த மூன்று நொடியால்.

சரி, நடிக்க வேண்டாம், உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள் என்றேன். தறிக் கொட்டகையில் சத்தத்துக்கு நடுவே பேச்சு காதில் விழாது. கையும் உதடும்தான் பேசும். ஆகவே அவர் கை ஏற்கெனவே பழகிய கை. பாவில், அதாவது தறியின் நெடுக்கு நூலில், இழை அறுந்தது. தறியை நிறுத்தினார், குனிந்தார், அறுந்த நுனியைக் கண் இடுக்கித் தேடினார், இரண்டு விரலால் முடிச்சுப் போட்டார், இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் கோத்து, சீப்பு மாதிரி இருக்கும் அச்சுக்குள் இழுத்தார். தறியும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் எங்களுக்கு நூல் தெரிந்தது. இப்போது மூக்கை மாட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவை இழை அறும்போதும் எங்களைப் பாருங்கள் என்றேன். மூன்றாவது தடவை அறுந்தபோது நல்ல சிரிப்பு. ஐந்தாவது தடவை சிரிப்பு நின்றுபோனது. "பாவமுங்க" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா முணுமுணுத்தார். நான் நேர்மையான நடிப்பு என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று நம் ஊருக்கே உரிய வியாதி. கவுண்டமணி உடுமலைப் பக்கத்துக்காரர். கோவை சரளாவுக்குப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. அவர்கள் வாயில் நம் பேச்சு சிரிப்பாக மாறியது, சந்தோஷம். ஆனால் வீட்டில் அளவாக 'ங்க' போட்டுப் பேசுகிற பிள்ளை, மேடையேறியதும் வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்' போடுகிறது. அப்புச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம், பேசுகிற பேச்சை விட்டுவிட்டு, சினிமா காட்டிய கொங்குப் பேச்சைக் கொங்குக்காரரே நகல் எடுப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். இதற்கு நான் கண்ட மருந்து, முதல் நான்கு வாரம் பேச்சே கிடையாது. அப்புறம் அர்த்தமில்லாத ஒலிகள் மட்டும். வார்த்தை கடைசியில் வந்தால் போதும்.

அவசரப்பட்டு மூக்கை மாட்டுவது அடுத்தது. லெகாக்கின் பள்ளியில் இரண்டு வருடப் படிப்பு. தொடக்கத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடி, கோமாளி வருவது இரண்டாம் வருடத்தின் கடைசிப் பகுதியில். இங்கே இரண்டு நாள் பட்டறையில் முதல் நாள் டீ இடைவேளைக்கு முன்பே மூக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். நடுநிலை முகமூடி முகத்தை மூடிவிடுவதால் உடம்பு சொல்லும் பொய் வெளியே தெரியும்: எப்போதும் காதுக்குப் பக்கத்தில் நிற்கும் தோள், செல்போன் பார்த்துப் பார்த்து முன்னே நீண்ட கழுத்து. லெகாக்குக்குத் தோலில் முகமூடி செய்து கொடுத்தவர் இத்தாலியச் சிற்பி அம்லேத்தோ சார்த்தோரி. நமக்குக் களிமண் அச்சும், பழைய செய்தித்தாளும், மைதாப் பசையும் போதும். திரும்பி நின்று மாட்ட வேண்டும், போட்டபின் கையால் தொடக்கூடாது, பேசக்கூடாது. மூக்குக்கும் கிட்டத்தட்ட இதே மரியாதை. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அழுதால்தான் உண்மை என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. அப்பா இறந்ததை நினைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கண்ணீர் நிஜம்தான், ஆனால் ஆள் எங்களோடு இல்லை, தன் துக்கத்துக்குள் போய்விட்டார். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையின் போர்க்களக் காட்சியான படுகளத்தில் சாமி வந்து விழுகிறவருக்குச் சுற்றி நிற்கும் கூட்டம் கண்ணில் படாது. அது வழிபாடு, அங்கே அது சரி. கோமாளிக்கோ கூட்டத்தின் நினைப்பு ஒரு நொடியும் விட்டுப்போகக்கூடாது. யார் இருமினார், யார் கொட்டாவி விட்டார் என்பதெல்லாம் அவருக்கு உள்ளே இறங்க வேண்டும். துக்கத்தைத் தோண்டுவதைவிட, பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஆடுவதை நிஜமாகக் கவனிப்பது பல சமயம் அதிகம் உதவும்.

விழுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்து கிரானைட் தரையில் விழுந்து பழகாதீர்கள். கையை நேராக நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போகும். முதலில் முழங்காலை மடக்கி உயரத்தைக் குறையுங்கள், மூச்சை வெளியே விடுங்கள், தொடையும் பிட்டத்தின் பக்கவாட்டும்போலச் சதையுள்ள இடம் தரையைத் தொடட்டும். தலையும் வால் எலும்பும் படவே கூடாது. பாய் விரித்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மெதுவாகச் செய்யுங்கள்.

கற்றுத்தருகிறவர்களுக்கும் ஒன்று. லெகாக்கிடம் படித்துப் பின்னர் தனிப்பள்ளி நடத்திய பிலிப் கோலியே, மேடையில் நிற்கிற மாணவரைக் கூசாமல் திட்டுவதற்குப் பெயர் போனவர். அவரிடம் போகிறவர்கள் அதைத் தெரிந்தேதான் போனார்கள். அதை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே இறக்குமதி செய்கிறார்கள். ஒரு பட்டறையில் பொறுப்பாளர் ஒரு பெண்ணை எல்லோர் முன்பும், "உன்னப் பாத்தா தூக்கந்தான் வருது" என்று சொல்வதை நேரில் பார்த்தேன். அந்த அம்மிணி வீட்டில் சண்டை போட்டு அனுமதி வாங்கி வந்தவர். மதியச் சாப்பாட்டுக்கே இருக்கவில்லை. 'கோமாளி' என்பதே நம் வீடுகளில் திட்டு. அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு வந்து நிற்பவரிடம், "எடுபடல, உக்காருங்க, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றால் போதுமானது.

கேமராவுக்குப் போகும்போது அளவைக் குறைக்கிறேன் என்று உயிரையே குறைத்துவிடுவார்கள். கை வீச்சு குறையட்டும், மூச்சு குறையக்கூடாது. தறிக்காரத் தம்பிக்குப் போன மாதம் ஒரு குறும்படத்தில் அப்பா வேஷம் கிடைத்தது, இரண்டே வரி வசனம். முந்தின நாள் ராத்திரி போன் செய்தார். "அண்ணா, கேமராவப் பாக்கக்கூடாதுங்கறாங்க. நாங்க இத்தன நாள் உங்களையே பாத்துப் பழகிட்டமுங்க. இப்ப யாரப் பாக்கறதுங்?"

"எதிர்ல உங்க மகனா நடிக்கிற பையன் இருப்பானில்லீங், அவனப் பாருங்க" என்றேன்.