வழக்கில் சிக்கிய பையனை நடைக்குக் கூட்டிப்போவது எப்படி

ஒரு பையனுக்கு ஒரு பெரியவர். இந்தக் கணக்கில் பிடிவாதமாக இருங்கள். பத்துப் பேரைத் திரட்டி ஒரு வேனுக்குப் பின்னால் நடத்தினால், ஒருத்தனுக்கு முன்னால் இன்னொருத்தன் வீரம் காட்டுவதிலேயே பொழுது போய்விடும். விசில் ஊதியே காலம் தள்ளிய உடற்கல்வி ஆசிரியன் சொல்கிறேன், நம்புங்கள். ஓய்வுக்கு அப்புறம், அடிதடி, பைக் திருட்டு என்று வழக்கில் சிக்கிய பையன்களைக் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கு நடத்திக் கூட்டிப்போகிறேன்.

யோசனை என்னுடையதில்லை. பெல்ஜியத்தில் ஒய்கோட்டன் என்ற அமைப்பு 1982இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளை ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ திருத்தலத்துக்கு நடத்தத் தொடங்கியது. அதைக் கேள்விப்பட்ட பெர்னார் ஒலிவியே என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர், 2000இல் பிரான்சில் இதே வேலைக்கு ஓர் அமைப்பு தொடங்கினார். ஒரு பிள்ளை, கூட ஒரு பெரியவர், சுமார் மூன்று மாதம், 1500 கிலோமீட்டருக்கு மேல், செல்போன் கிடையாது. நமக்கு அவ்வளவு வேண்டாம். 100 கிலோமீட்டர், ஆறேழு நாள் போதும்.

பேப்பர் வேலை முடியாமல் புறப்படாதீர்கள். 18 வயது நிரம்பாத பையன் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் இருக்கும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகளை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. பாதயாத்திரை என்று அதில் எழுதியிருக்காது. அதனால் முதலில் நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். குழுமத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி, பெற்றோர் கையெழுத்து, மருத்துவர் சான்று மூன்றும் வேண்டும். பையனின் அடையாளத்தை வெளியிட அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை போடுகிறது. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்காமல் இருக்க முடியாத ஆள் இதற்கு ஆகமாட்டார். வழியில் "யாரு வீட்டுப் பையன்?" என்பார்கள், நம் பக்கம் கேட்காமல் விடவே மாட்டார்கள். "என்கூட வந்திருக்கான்" என்பதோடு நிறுத்துங்கள்.

மாலை போடுவது அவன் இஷ்டம். வேறு மதத்துப் பையனோ சாமி கும்பிடாத பையனோ கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தாலும், நடந்த தூரம் நடந்ததுதான்.

தை, மாசி நல்ல காலம். பங்குனி பிறந்தால் தார் ரோடு கொதிக்கும். கார்த்திகை தீபமும் பௌர்ணமியும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் பையனைத் தேடவே நேரம் சரியாக இருக்கும். முதலில் ஒரு நாள் ஒத்திகை: ஊத்தங்கரையில் புறப்பட்டு, அனுமன் தீர்த்தத்தில் தென்பெண்ணையில் குளித்துவிட்டு, தீர்த்தமலை. மலைப்படி ஏறும்போது அவன் மூச்சும் தெரியும், உங்கள் மூட்டும் தெரியும்.

பெரிய நடைக்கு மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழி. முதல் இரண்டு நாள் 12 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். விடியும்போது கிளம்பி, வெயில் ஏறும் முன் நிறுத்தி, சாயங்காலம் கொஞ்சம். வண்டி எதிரே வருவது தெரியும்படி ரோட்டின் வலது ஓரம். பழகின கான்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், விரல் இடுக்கில் வாஸ்லின். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். இரவில் நாலு பேர் படுக்கும் மண்டபமாகப் பாருங்கள், தனி ரூம் வேண்டாம். அது அவனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும்.

அப்புறம், பர்ஸை அவனிடம் கொடுங்கள். திருட்டு வழக்கில் வந்தவன் என்றால் கட்டாயம் கொடுங்கள். ஒரு நாள் செலவுக்கான காசு, ஒரு நோட்டு. டீ, இட்லி, கடலை மிட்டாய் எதுவானாலும் அவன் கையால் கொடுத்து அவன் கையால் எழுத வேண்டும். கணக்கு இடித்தால் திட்டு கிடையாது, மறுநாள் இரண்டு பேருக்கும் ஒரு டீ குறையும், அவ்வளவுதான். செயின் பறிப்பில் சிக்கிய ஒருத்தன் ஊத்தங்கரையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு 5 ரூபாய் குறைக்க அந்தம்மாவிடம் மல்லுக்கட்டினான் பாருங்கள்! கடைசியில் அவரே "எடுத்துட்டுப் போ சாமி" என்று விட்டுவிட்டார்.

பேச்சை அவன் தொடங்கட்டும். முதலில் வாயே திறக்க மாட்டான், இல்லையென்றால் கதை அளப்பான். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் தலைவலி, எரிச்சல் எல்லாம் வரும். சிங்காரப்பேட்டை பக்கம் "என்னால முடியாது சார், பஸ் ஏத்தி விடுங்க" என்று உட்கார்ந்துவிடுவான். நீங்களும் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டிருங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. வழக்கைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது சில பையன்கள் தானாகச் சொல்வார்கள். உடனே புத்தி சொல்ல நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே ஓடிவிட்டால் அப்போதே பெற்றோருக்கும் அலுவலருக்கும் போன் செய்யுங்கள், மறைத்தால் வழக்கு அவனுக்குத்தான் கெடும்.

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், கால் ஒத்துழைத்தால் மட்டும்.

திரும்பி வருவதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். நாள் கணக்கில் நடந்த தூரத்தை பஸ் மூன்று மணி நேரத்தில் தாண்டிவிடும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகள் பைக்கோடு நிற்பார்கள். மறுநாள் காலை அவன் போய் நிற்க ஓர் இடம் வேண்டும்: பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு டியூஷனோ டூவீலர் மெக்கானிக் பயிற்சியோ, ஏதாவது ஒன்று பேசி வைத்திருங்கள். கொஞ்ச நாளைக்கு ஞாயிறுதோறும் கே.ஆர்.பி. அணைப் பக்கம் அவனோடு நடங்கள். கணக்கு நோட்டை நன்னடத்தை அலுவலரிடம் அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.